பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?



பிழைப்புக்காக மும்பைக்கும் புனேக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஓர் ஆசை அடிக்கடி எழும்புகிறது. அன்றாட வேலைகளுக்கு உதவ ஒரு வாகனம் வேண்டும். காய்கறி வாங்க, பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்து வர, வயதான தாயாருக்கு மருந்து வாங்கி வர, ஞாயிறு ஆராதனைக்குச் செல்ல அது பயன்பட வேண்டும். அதே வாகனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நாசிக்குக்கோ மகாபலேஷ்வருக்கோ, முடிந்தால் சொந்த ஊருக்கே கூட, நெடும்பிரயாணம் போய் வர வேண்டும். புதிய வண்டி வாங்கக் கையில் பணம் இல்லை. ஆகவே செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் பார்க்கலாம் என்று வாலிபர்கள் மட்டுமல்ல, குடும்பஸ்தர்களும் புறப்பட்டு விடுகிறார்கள்.

ஆசை தவறல்ல. ஆனால் பழைய வாகனம் வாங்குகிறவன் இரும்பையும் ரப்பரையும் மட்டும் வாங்குவதில்லை. அந்த வாகனத்தின் கடந்த கால வரலாறு முழுவதையும் சேர்த்து வாங்குகிறான். அது எங்கே விழுந்தது, எந்த வெள்ளத்தில் மூழ்கியது, யாருடைய கடனில் நிற்கிறது, எத்தனை அபராதங்களைச் சுமக்கிறது என்பவை எல்லாம் விலை பேசி முடித்த அந்த மணி நேரத்திலிருந்து உங்கள் காரியங்கள். நெடும்பிரயாணத்துக்குத் தேவை பெரிய எஞ்சின் அல்ல. பழுதில்லாத வண்டியும் பழுதில்லாத பதிவுமே. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலாவது, யாருக்காக வாங்குகிறீர்கள்?

ஆண்டுக்கு 365 நாட்கள். அதில் நீங்கள் நெடும்பிரயாணம் போகும் நாட்கள் எத்தனை? பத்து என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள நாட்களில் அந்த வண்டி தாராவியின் சந்துகளிலும், சயான் பாலத்தின் நெரிசலிலும், குடியிருப்பின் குறுகலான வாகன நிறுத்தத்திலும்தான் இருக்கப் போகிறது. பத்து நாட்களுக்காக மற்ற நாட்களைச் சிரமப்படுத்தலாமா?

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதுங்கள். நான் இருக்கையில் அமர்ந்தால் என் இரண்டு பாதங்களும் தரையில் உறுதியாகப் பதியுமா? எஞ்சின் அணைந்த நிலையில் இந்தக் கனத்தை நானே பின்னோக்கித் தள்ளி நிறுத்த முடியுமா? பின் இருக்கையில் அமரும் என் மனைவியோ தாயாரோ ஒரு மணி நேரம் வலியின்றி உட்கார முடியுமா?

மூன்றாவது கேள்வியை ஆண்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. நம் நாட்டின் மோட்டார் வாகன விதிகள் பின் இருக்கைக்காரருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்துக்குத் தடுப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. சேலைக் கம்பி என்று நாம் சொல்லும் அந்தத் தடுப்பை அழகுக்காகக் கழற்றி எறிந்துவிடும் வாலிபர் உண்டு. பழைய வண்டியில் அது இல்லையானால், வாங்கிய அன்றே மாட்டுங்கள். சேலையோ துப்பட்டாவோ ஓடும் சக்கரத்தில் சிக்கினால் என்ன நேரிடும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இன்னொரு காரியத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணவன், மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, பெட்ரோல் டாங்கின்மேல் இன்னொரு பிள்ளை என நால்வராக ஆராதனைக்கு வரும் குடும்பங்களை நாம் வாரந்தோறும் பார்க்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநரோடு ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும், ஓட்டுநர் உரிமத்துக்கு 3 மாதத் தகுதியிழப்பும் உண்டு. அபராதம் போகட்டும், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது டாங்கின்மேல் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பிடிக்க எந்தக் கை மீதமிருக்கிறது? வண்டி எவ்வளவு பெரியதானாலும் அது இருவருக்குரிய வாகனமே. நால்வர் போக வேண்டுமானால் ரயிலும் பேருந்தும் ஆட்டோவும் இருக்கின்றன.

இரண்டாவது, எந்த வண்டி?

நெடும்பிரயாணம் என்றவுடன் அதிக வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். சற்று யோசியுங்கள். மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேதுவிலும் இல்லை. பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் மோட்டார் சைக்கிள்கள் தடுக்கப்பட்டுள்ளன. நமக்குத் திறந்திருக்கும் நான்கு வழி நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குரிய வேக வரம்பு பெரும்பாலும் 80 கிலோமீட்டரே. அப்படியிருக்க, 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய வண்டிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? 80 கிலோமீட்டர் வேகத்தில் அதிராமல், திணறாமல், நாள் முழுவதும் ஓடக்கூடியதே போதும்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்தத் தேவைக்கு அடிக்கடி கண்ணில் படும் சில வண்டிகளைப் பார்ப்போம்.

பஜாஜ் அவெஞ்சர் 220: இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர்தான். குள்ளமானவர்களுக்கும் பாதம் தரையில் நன்றாகப் பதியும். எடை ஏறத்தாழ 163 கிலோ. நகர நெரிசலிலும் தள்ளாடாமல் கையாளலாம். சொகுசாகச் சாய்ந்து அமரலாம். கால்களை முன்னே நீட்டி அமர்வதால் குண்டும் குழியுமான சாலையில் அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். முதுகுவலி உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350: 2002-இல் வந்து 2020-இல் நின்றுபோன வண்டி. 346 சி.சி. எஞ்சின். 2012-க்குப் பின் வந்தவற்றில் 20 லிட்டர் கொள்ளும் டாங்க் உண்டு. அது நெடும்பிரயாணத்துக்கு நல்லது. ஆனால் 190 கிலோவுக்கு மேற்பட்ட எடை. தயாரிப்பு நின்றுவிட்டதால் அதற்கே உரிய சில பாகங்கள் கிடைக்கின்றனவா என்று முன்னதாக விசாரியுங்கள்.

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350: தண்டர்பேர்டின் இடத்தில் 2020 நவம்பரில் வந்தது. 349 சி.சி., 15 லிட்டர் டாங்க், 765 மில்லிமீட்டர் இருக்கை உயரம், 191 கிலோ எடை. பழைய எஞ்சினைவிட அதிர்வு மிகக் குறைவு. அன்றாட வேலைக்கும் தூரப் பயணத்துக்கும் நடுவான ஒன்று வேண்டுமென்பவர்களுக்கு ஏற்றது.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411: 2016 முதல் 2023 வரை விற்கப்பட்டது. உயரமான அமைப்பு, 21 அங்குல முன் சக்கரம், மோசமான சாலையையும் தாங்கும் சஸ்பென்ஷன். ஆனால் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 199 கிலோ. டியூப் உள்ள டயர்கள் என்பதால் வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். முதலில் வந்தவற்றில் கார்புரேட்டரும், 2017-க்குப் பின் வந்தவற்றில் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் உண்டு, பின்னதையே தேடுங்கள்.

பஜாஜ் டோமினார் 400: 2016 டிசம்பரில் அறிமுகமானது. 373 சி.சி., திரவக் குளிர்விப்பு. நெடுஞ்சாலையில் மற்ற நான்கையும்விட இலகுவாக ஓடும். டாங்க் 13 லிட்டர்தான். நெரிசலில் எஞ்சின் சூடு காலில் தெரியும். குளிர்விக்கும் திரவமும் ரேடியேட்டரும் உள்ளதால் பார்க்க வேண்டியவை இரண்டு கூடுதல்.

எதைப் பார்த்தாலும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ளதா என்று கேளுங்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். மும்பையின் மழையில், எண்ணெய் படிந்த ஈரச் சாலையில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காப்பது அதுதான். சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் 2019-க்குப் பிற்பட்ட வண்டியைத் தெரிந்துகொள்வது ஞானம்.

மூன்றாவது, காகிதங்களை முதலில் பாருங்கள்

பெரும்பாலோர் எஞ்சின் சத்தத்தை முதலில் கேட்கிறார்கள். காகிதத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். எஞ்சினில் உள்ள கோளாறை மெக்கானிக் சரிசெய்வார். பதிவில் உள்ள கோளாறை எந்த மெக்கானிக்கும் சரிசெய்ய முடியாது.

ஆர்.சி. புத்தகத்தையோ அட்டையையோ வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் பொதுவாக ஹேண்டில் பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கும். அந்த இடத்தில் சுரண்டிய தடமோ, புதுப் பெயின்டோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள்.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன எண்ணைக் கொடுத்தால் பதிவு தேதி, காப்பீடு முடியும் நாள், கடன் அடமானம் உண்டா என்பன தெரியவரும். செலுத்தப்படாத இ-சலான் அபராதங்களையும் அவ்வாறே பார்க்கலாம். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்தது என்று வாயால் சொல்வது போதாது. நிதி நிறுவனத்தின் கடிதமும் படிவம் 35-உம் கொண்டு ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பம் தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர் சேர்த்து வைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டியோடு உங்களுக்கு வராது, அது அவருடையது.

"பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வார். பழைய பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு. இது எத்தனை ஆபத்தானது! பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவர் உங்களால் நீதிமன்றப் படியேறுவார். வாங்கிய நீங்கள் உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குக் காப்பீடு கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். ஆகவே முழுப் பணத்தையும் கொடுக்குமுன் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகட்டும். உங்கள் பழைய வண்டியை விற்கும்போதும் இதே ஜாக்கிரதை தேவை.

வெளிமாநில எண் உள்ள வண்டி மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்று யோசித்தீர்களா? ஒரு மாநிலத்து வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற அலைய வேண்டும். டில்லியின் கரோல் பாக்கில் மலிவாக வாங்கி மும்பைக்குக் கொண்டுவர எண்ணுகிறவர்கள் இந்தச் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பார்க்கட்டும். சில ஆண்டுகளில் ஊருக்கே திரும்பிவிட எண்ணுகிறவர்களும் இதை மறவாதிருங்கள்.

தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். ஆகவே 12, 13 வயதான வண்டிக்கு அதிக விலை கொடுப்பது வீண்.

நான்காவது, வண்டியைச் சோதித்தல்

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையில் போகாதீர்கள், நனைந்த பெயின்டில் கீறல் தெரியாது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். "நான் வருமுன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்பே சொல்லுங்கள். போனவுடன் எஞ்சினருகே கையை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் வெளிப்படும் ஏதோ ஒரு குறையை மறைக்க முயன்றிருக்கலாம்.

ஸ்டார்ட் செய்தபின் சைலன்சரைக் கவனியுங்கள். நீலங்கலந்த வெண்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, செலவு பெரிது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆயிலைச் சற்றே எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். பாலைப் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் என்றவுடன் மும்பைவாசிகளுக்கு ஒன்று நினைவுக்கு வரும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகளில் தாழ்ந்த பகுதிகளில் வண்டிகள் மூழ்கியிருக்கின்றன. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கி விற்பது எளிது. ஆனால் இருக்கையைக் கழற்றினால் சந்துகளில் காய்ந்த சேறு தெரியும். வயர் இணைப்புகளில் பச்சை நிறத் துரு தெரியும். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் பனி படிந்ததுபோல் இருக்கும். இவற்றில் இரண்டு கண்டால் விட்டுவிடுங்கள். நடு வழியில், நள்ளிரவில் விளக்கணைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் இப்படிப்பட்டதே.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி? ஹேண்டில் பாரின் நுனி, பிரேக் லீவரின் முனை, கால் வைக்கும் கம்பியின் ஓரம், சைலன்சரின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் உராய்வைத் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிய பாகங்கள் மாட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். வண்டிக்குப் பின்னே பத்தடி தள்ளி நின்று, இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி உயர்த்தி, ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடுக்கினால் பேரிங் தேய்ந்துவிட்டது. முன்பக்க ஃபோர்க்கின் குழாயில் எண்ணெய்ப் படலம் இருந்தால் சீல் போய்விட்டது. பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் தெரியுமளவு விலகினால், அல்லது பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால், செட் முழுவதையும் மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கட்டை எவ்வளவு இருந்தாலும், ஆறு வயதுக்கு மேலான டயரில் நெடும்பிரயாணம் போகத் துணியாதீர்கள். ரப்பர் இறுகிவிட்டது, ஈரத்தில் பிடிக்காது.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். 15,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லும்போது, பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, கைப்பிடிகள் பளபளத்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் செய்த வேலைகளின் பதிவும் கிடைத்தால் இன்னும் நல்லது.

பின்பு ஓட்டிப் பாருங்கள். அரைக் கிலோமீட்டர் அல்ல, பத்துக் கிலோமீட்டராவது. நெரிசலிலும், மேட்டிலும், சற்று வேகமாகவும் ஓட்டுங்கள். கிளட்ச் விட்டபின் எஞ்சின் வேகம் கூடி வண்டி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. கடைசியில், பின் இருக்கையில் மனைவியை அமர்த்தி ஒரு சுற்று வாருங்கள். அவர்கள் "முதுகு வலிக்கிறது" என்றால், அந்தச் சொல்லை மெக்கானிக்கின் சொல்லுக்கு இணையாக மதியுங்கள்.

ஐந்தாவது, விலை

விலை பேசுமுன் அதே வண்டியின், அல்லது அதற்கு இணையானதன், புதிய விலையை அன்றைய தேதியில் விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமானது. புதிய மீட்டியாரின் விலை இறங்கியபின்னும், பழைய மீட்டியாரைத் தாம் வாங்கிய விலையைக் காட்டியே சிலர் பேரம் பேசுவார்கள். அவர் கொடுத்த வரியை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? மாறாக, 350 சி.சி.க்கு மேற்பட்ட பழைய வண்டிக்குக் கூடுதல் கேட்டால் காரணம் இதுவாயிருக்கலாம்.

சொல்லும் விலையோடு பெயர் மாற்றச் செலவு, காப்பீடு, டயர், செயின் செட், பேட்டரி, ஆயில் ஆகியவற்றைக் கூட்டுங்கள். கையில் உள்ள பணம் 100 ரூபாய் என்றால் 80 அல்லது 85 ரூபாய்க்குள் வண்டியைத் தேடி, மீதியை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். கைமாற்று வாங்கியோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ பெரிய வண்டி வாங்குவது வேண்டாம். நகை அடகுக் கடையிலும் வண்டி வாசலிலும் நிற்கும் வீட்டில் சமாதானம் நிற்காது. சிறிய வண்டியில் கடனின்றிப் போகிறவன் பெரிய வண்டியில் கடனோடு போகிறவனைவிட நிம்மதியாய் ஊர் போய்ச் சேருவான்.

விற்பவரோ தரகரோ சபைக்காரராக, ஊர்க்காரராக இருந்தாலும் இவற்றில் ஒன்றையும் தளர்த்தாதீர்கள். காகிதம் கேட்பது அவமதிப்பு அல்ல; நட்பைக் காக்கும் வழி அதுவே.

ஆறாவது, பயணத்துக்குமுன்

வாங்கிய வாரமே ஊருக்குப் புறப்படாதீர்கள். முதலில் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், கேபிள்கள் ஆகியவற்றை மாற்றுங்கள். ஒரு மாதம் அன்றாட வேலைக்கு ஓட்டுங்கள். பின்பு லோனாவாலா வரை, அதன்பின் நாசிக் வரை போய் வாருங்கள். வண்டி தன் குறைகளை அந்த நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் சொல்லிவிடும். வீட்டருகே சொல்வது நல்லது. சித்ரதுர்காவின் பொட்டல்வெளியில் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். கோலாப்பூர், சித்ரதுர்கா, சேலம் ஆகிய இடங்களில் தங்கினால் நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் அளவில் நான்கு நாட்களாகும். அதைவிட அதிகம் வேண்டாம். விடியலில் புறப்பட்டு, பொழுது சாயுமுன் இறங்கிவிடுங்கள். ஒவ்வொரு 80 கிலோமீட்டருக்கும் ஒருமுறை நின்று தண்ணீர் குடியுங்கள். தூக்கம் கண்ணை அழுத்தினால், நின்று உறங்கிப் போவதில் வெட்கமில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் ஓட்டுநருக்கும் பின்னிருப்பவருக்கும் தேவை; 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சட்டப்படி கட்டாயம். பழைய வண்டியோடு இலவசமாகத் தரும் பழைய ஹெல்மெட்டை வாங்காதீர்கள். அது எங்கே எப்படி அடிபட்டது என்று வெளியே தெரியாது. வண்டி பழையதாயிருக்கலாம், ஹெல்மெட் புதியதாயிருக்கட்டும்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நான்கு நாள் வெயிலைச் சுமத்துவது நியாயமா என்றும் சிந்தியுங்கள். அவர்களை ரயிலில் அனுப்பி, வண்டியை ரயில்வே பார்சலில் ஏற்றிவிடலாம். டாங்கிலுள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, ஆர்.சி. நகலும் அடையாளச் சான்றும் கொண்டு போக வேண்டும். ஊரில் இறங்கி, உறவினர் வீடுகளுக்கு அதே வண்டியில் போய் வரலாம். வழி முழுவதும் ஓட்டினால்தான் பிரயாணம் என்பதில்லை.

அன்பானவரே, நல்ல வண்டி கிடைக்கும்வரை காத்திருக்கிற பொறுமை, பார்த்தவுடன் முன்பணம் நீட்டுகிற அவசரத்தைவிட மேலானது. இன்றைக்குக் கைவிட்டுப் போன மலிவு வண்டிக்குப் பதிலாக அடுத்த மாதம் இன்னொன்று வரும். உங்களை எதிர்பார்த்து மாலையில் பால்கனியில் நிற்கிற பிள்ளைக்குப் பதிலாக வேறொரு தகப்பன் வரமாட்டார். அதை நினைவில் வைத்து, நிதானமாகத் தேடுங்கள், காகிதத்தை முதலில் பாருங்கள், பத்திரமாக ஓட்டுங்கள்.